பெயரில்லாத ஒரு கிண்ணம்

ஆர்டெல்லா பெட்டஸுக்கு அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். குற்றமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையிலும், அவள் தலைமுடி முழுக்க என் கைவழியாகவே நரைத்தது என்ற முறையிலும் சொல்கிறேன். கார்வர் ஹில்லில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் ஜோனெட்டா நான். எனக்கே ஊர்க்கதை கேட்காமல் பொழுது போகாது. ஆனாலும் ஆர்டெல்லா அக்காவின் ஆர்வத்துக்கு முன்னால் நான் வாய் பேசாத குழந்தை.

வேலை பார்த்த காலமெல்லாம் அவள் நகரப் பேருந்து ஓட்டினாள். ஒன்பதாம் எண் பஸ். எங்கள் மேட்டிலிருந்து கிளம்பி, பாலம் தாண்டி, ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய மளிகைக் கடை வாசல் வரை போய்த் திரும்பும். திரும்பும்போது யார் பையோடு ஏறினாலும் அக்காவின் விசாரணை தொடங்கிவிடும்.

"என்னடி அது, பன்றிக் கழுத்தெலும்பா? எப்படிச் செய்வே?"

"வெங்காயம் போட்டு மெதுவா வேகவைப்பேன் அக்கா."

"மூடி போட்டா, போடாமலா?"

"முதல்ல மூடி. அப்புறம் திறந்து. அக்கா, சிக்னல் பச்சை விழுந்துருச்சு."

பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும். அக்காவுக்கு அந்த எலும்பு வெந்த பிறகுதான் வண்டி நகரும்.

இதில் வேடிக்கை, அவளுக்குச் சமைக்கவே தெரியாது. அவள் கணவர் வெஸ்லி மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தவர். வீட்டிலும் அவர்தான் அடுப்பு. அக்கா மேசையில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, "இதில் என்ன போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அந்தக் கல்யாணம் முழுக்க அப்படியே போயிற்று. வெஸ்லி இறந்த பிறகு எங்கள் சர்ச் சபைக்காரர்கள் கொஞ்ச நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு அவரவர் பாடு. அக்கா பொரித்த மீன் கடைக்கும் ரொட்டிக்கும் திரும்பிவிட்டாள். மவுண்ட் நீபோ சபையில் அவள் பாடுவாள், வாசலில் நின்று வரவேற்பாள், நாற்காலி மடிப்பாள். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. காகிதத் தட்டு வாங்கி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஹோலிஸ் தெருவில் இருந்த சூப்பர் மார்க்கெட்டை மூடியது அவள் ஓய்வு பெற்ற சமயத்தில். லாபம் இல்லையாம். நாங்கள் என்ன காற்றைக் குடித்தா உயிர் வாழ்ந்தோம்? வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கடையில் வரிசை வாசல் வரை நிற்கும். இப்போது அந்தக் கட்டடத்தில் புறாக்கள் குடியிருக்கின்றன. எங்களுக்கு மிஞ்சியது பெட்ரோல் பங்கில் ஒரு சின்னக் கடை. அங்கே சிப்ஸ் இருக்கும், சோடா இருக்கும், கல்லாவுக்குப் பக்கத்தில் கூடையில் கறுத்துப்போன வாழைப்பழம் ஒன்றிரண்டு இருக்கும். அதைச் சாப்பாட்டுக் கடை என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பிறகு அக்காவுக்குக் கண்ணில் நீரழுத்தம், பார்வை மங்குகிறது என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். நகரமெல்லாம் வண்டி ஓட்டியவள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். அதற்குள் ஒன்பதாம் எண்ணைப் பாலத்தோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போன குளிர்காலத்தில் அந்தப் பாலத்து ஸ்டாப்பில், இரண்டு கையிலும் பை, காலுக்குக் கீழே பனிக்கட்டி. விழுந்தாள். இடுப்பு நீலம் பாரித்துவிட்டது, முட்டை எல்லாம் ரோட்டில். அட்லாண்டாவிலிருந்து தங்கை மகள் ரெனே போனில் கத்தியது என் வீட்டுச் சுவர் வரை கேட்டது.

"பெரியம்மா, போதும். கிளம்பி வா. இங்க லிஃப்ட்ல இறங்கினா கடை. உனக்கு ஒரு ரூம் காலியா இருக்கு."

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியுமே!"

"உன் பையில என்ன இருக்குன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும்டி. யோகர்ட்."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். கோடை முடிவதற்குள் கார்வர் ஹில்லுக்கு ஒரு மளிகைக் கடை வருவது உறுதியானால் அக்கா இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு அட்லாண்டா. ரெனே உடனே ஒத்துக்கொண்டாள். எந்தப் பைத்தியக்காரன் இங்கே வந்து கடை வைக்கப்போகிறான் என்ற தைரியம்.

யாராவது வருவார் என்று அக்கா காத்திருக்கவில்லை. வேறொரு ஊரில் குடியிருப்பவர்களே சேர்ந்து கடை வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டாள். மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் நுரையோடு, சொல்லிச் சொல்லி மாளவில்லை.

"முதலாளி யாருன்னு கேட்டேன் ஜோனெட்டா. கல்லாவுல இருந்த பொண்ணு 'நான்தான்'ங்கிறா. சரி, பொண்ணு திமிரு பிடிச்சவ போலன்னு, டப்பா அடுக்கிட்டு இருந்தவன்கிட்ட கேட்டா அவனும் 'நான்தான்'ங்கிறான். முட்டைக்கோஸ் பொறுக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு திரும்பிப் பாத்து, 'நானும்தான், உங்களுக்கு என்னம்மா வேணும்'னு கேக்குறாரு!"

"தலையை ஆட்டாதே, கண்ணுல நுரை போகும்."

"ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. என்ன விக்கணும், யாரை வேலைக்கு வைக்கணும், எல்லாம் அவங்களே முடிவு பண்றாங்க. பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட கட்டலாமாம்."

முதல் பங்கு அவளுடையது, இரண்டாவது என்னுடையது. தலையில் நுரையோடு ஒருத்தி கண் விரியக் கேட்கும்போது எப்படி மறுப்பது? மூடிக்கிடந்த சூப்பர் மார்க்கெட்டின் சொந்தக்காரர் கிளீவ்லாண்டில் இருந்தார். அவரை அக்கா போனில் விடாமல் பிடித்து, ஆகஸ்ட் கடைசி வரை கட்டடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்கு வாங்கினாள். அதற்குள் போதுமான வீடுகள் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால் பழைய சோபாவும் மெத்தையும் பூட்டி வைக்கும் கிடங்குக்காரன் எடுத்துக்கொள்வான்.

வீடு வீடாகப் போனாள். அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. "என்ன வாங்குவீங்க?" என்று கேட்கவில்லை. "இத்தனை வருஷத்துல என் பஸ்ல நீங்க கொண்டுவராத சாமான் எது?" என்று கேட்டாள். முதலில் எல்லோரும் முழித்தார்கள். பிறகு வாய் திறந்தது. ஐஸ்கிரீம் என்றார் ஒருவர். ஜூலையில் ஐஸ்கிரீமோடு பாலம் தாண்டி வந்து பாருங்கள், சூப்தான் மிஞ்சும். தர்பூசணி என்றார்கள். பிறந்தநாள் கேக் என்றார்கள். எங்கள் பேட்டையில் கேக் வாங்கினால் க்ரீம் எல்லாம் மூடியில் ஒட்டித்தான் வரும். சபை நிர்வாகத்தில் இருக்கும் டீக்கன் சிம்ஸ், ஒரு காலத்தில் கறி வெட்டும் வேலை பார்த்தவர், வெகுநேரம் யோசித்து, "ஒரு முழுப் பன்றித் தொடை" என்றார். "அதை மடியில வச்சுட்டு பஸ்ல உட்கார எனக்கு வெக்கமா இருக்கும் சிஸ்டர்."

இந்தக் கேள்வியே ஊரைக் கிளறிவிட்டது. ஜூனில் சபையின் கீழ்த்தளக் கூடத்தில் முதல் கூட்டம் போட்டபோது நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்றார்கள். எங்கள் ஊரில் சாப்பாடு இல்லாமல் கூட்டம் இல்லை. நீள மேசை நிறைய வந்து குவிந்தது. டீக்கன் வீட்டுப் பொரித்த கோழி. என் வாடிக்கைக்காரி டோரித்தாவின் சீஸ் மக்ரோனி. லூவேனியா அம்மாவின் காலர்ட் கீரை.

இங்கேதான் எனக்கு முதலில் ஏதோ இடறியது. லூவேனியா கிரிக்ஸ் எங்கள் சபையில் மூத்த பெண்கள் உட்காரும் தாய்மார் வரிசையில் முதல் இருக்கைக்காரர். வெள்ளைத் தொப்பி. அவர் கொண்டுவருவது எப்போதும் உருளைக்கிழங்கு சாலட். கல்யாணம், சாவு, ஞானஸ்நானம், எதற்கும் அவர் கை சாலட்தான். அன்று கீரையைச் சுமந்து வந்தவர் முகம் நன்றாக இல்லை.

"சாலட் ஏற்பாடாயிடுச்சு, நீங்க கீரை கொண்டாங்கன்னு சொன்னா ஆர்டெல்லா. யாரு ஏற்பாடு பண்ணினாங்களோ" என்றார்.

மேசை நடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். அதில் உருளைக்கிழங்கு சாலட். கிண்ணமும் புதிது, யார் வீட்டுக் கிண்ணமும் இல்லை. மூடியில் பெயர் இல்லை. எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள், ஆனால் உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும் யார் செய்தது என்று தெரியாமல் தொடமாட்டார்கள். முட்டை வெந்ததா, கை கழுவினாளா, வீட்டில் பூனை இருக்கிறதா, இதெல்லாம் கேட்டுத் தெரிந்த பிறகுதான் கரண்டி.

"இது யாரு செஞ்சது?" என்று வரிசையில் முதலில் நின்றவர் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கேள்வி வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. நானும் கேட்டேன். அக்கா காகிதத் தட்டுகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டு, "சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். கரண்டி கிண்ணத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. கூட்டம் முடிந்தபோது கோழி எலும்பாகிவிட்டது, கீரை அடி வரை காலி. சாலட் மேலே தூவிய சிவப்புப் பொடிகூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

ஆனால் பேச்சு நன்றாகப் போயிற்று. கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து சமைத்த சாப்பாடும் விற்கலாம் என்றாள் அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் வந்து பங்கில் சேர்கிறோம் என்றார்கள்.

அடுத்த வாரம் வந்தது டீக்கனும் நானும், மழைக்கு ஒதுங்கிய ஒரு தம்பதியும்.

அக்கா அந்தக் காலி நாற்காலிகளை ஒன்றொன்றாக மடித்தாள். வீடு வீடாக மறுபடி போனாள். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் பேசினார்கள். ஒருவருக்கு மகன் வரவேண்டும், கேட்டுச் சொல்கிறாராம். ஒருவருக்கு முதுகுவலி. முதுகுவலிக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஜூலை போயிற்று. அட்லாண்டாவில் ரெனே அந்த அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டாள். என்ன நிறம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு வசதி உண்டு. தலையை என் தொட்டியில் சாய்த்து, கழுத்து மேல்நோக்கி வளைந்து, கண்ணில் ஷாம்பூ வழிய இருக்கும் பெண்ணால் நெடுநேரம் பொய் சொல்ல முடியாது. அந்த வாரம் டோரித்தா அப்படிச் சாய்ந்திருந்தபோது தண்ணீரைக் கொஞ்சம் சூடாகவே விட்டேன்.

"ஏய், வேகுதுடி!"

"உண்மையைச் சொல்லு, குளிர வைக்கிறேன். ஏன் பங்குல சேரலை?"

"அதான் சொன்னேனே, யோசிக்கணும்னு."

"டோரித்தா."

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி சொல்றேன். நீ அவகிட்ட சொல்லாதே. இந்தக் கடைக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க."

"யாரு?"

"பெரிய கம்பெனி. ஆத்துக்கு அந்தப்பக்கத்துக் கடைக்காரங்களாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. நம்ம பேரை முன்னாடி வச்சு, நம்ம பணத்தை வாங்கி, கடை அவங்களோடது. ஆர்டெல்லா பாவம், அவளை ஏமாத்தி வச்சிருக்காங்க."

"இதை எவன் சொன்னான்?"

"சொல்லணுமா? கண்ணால பாக்கலையா? அந்த சாலட்! கம்பெனி வாளியில அடைச்சு வந்து இறங்கின மாதிரி இருந்துச்சே. நம்மள்ல ஒருத்தி செஞ்சிருந்தா 'நான்தான் செஞ்சேன்'னு முன்னாடி வந்து நின்னிருக்க மாட்டாளா? லூவேனியா அம்மாவையே வேண்டாம்னு சொல்லிட்டு எங்கிருந்தோ வரவழைச்சிருக்காங்க. நம்ம கடைன்னா நம்ம சாப்பாடு எங்கே? லாரி வந்து இறக்கிட்டுப் போனதைப் பாத்தவங்க இருக்காங்க."

"எந்த லாரி?"

"நான் பாக்கலை. பாத்தவங்க இருக்காங்க."

எனக்கு வந்த கோபத்தில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு, அதற்கு ஒரு கம்பெனி, அதற்கு ஒரு லாரி! ஆனால் யோசிக்க யோசிக்க, கோபத்துக்குள்ளே எனக்கும் அதே கேள்வி முளைத்தது. அந்தச் சாலட் எங்கிருந்துதான் வந்தது?

அன்று மாலையே வேலியைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்பெனி என்றபோது சிரித்தாள். லாரி என்றபோது இன்னும் சிரித்தாள். சாலட் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

"வாளியில வந்த மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அக்கா. யாரு செஞ்சது அது?"

சுற்றிய காகிதத்தின் ஓரத்தை மடித்து மடித்து வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

"நீயா!"

"கத்தாதே."

"உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதே! உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"கடையில சமைச்ச சாப்பாடு வைக்க ஒரு இடம் இருக்கும்ல. அதுல சாலட் வேணும். எனக்கு எத்தனையோ பேரு வழிமுறை சொல்லியிருக்காங்க ஜோனெட்டா. இத்தனை வருஷம், ஒவ்வொரு சிக்னல்லயும். எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தேன். செஞ்சுதான் பாப்போமேன்னு."

"பேரைப் போட வேண்டியதுதானே!"

"போட்டா? 'ஐயோ, ஆர்டெல்லாவா'ன்னு ஒருத்தரும் தொடமாட்டாங்க. இல்லைன்னா பாவம்னு ஒரு வாய் சாப்பிட்டு 'ரொம்ப நல்லாயிருக்கு'ன்னு பொய் சொல்வாங்க. எனக்கு உண்மை தெரியணும். யாரு செஞ்சதுன்னு தெரியாம சாப்பிட்டாத்தானே உண்மை வரும்?"

இந்த ஊரில் பிறந்து, இந்தச் சபை மேசையில் வளர்ந்த ஒருத்தி இப்படி நினைத்தாள் என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சொல்லு" என்றேன்.

"மாட்டேன்."

"அக்கா, இன்னும் ரெண்டு வாரத்துல ஆகஸ்ட் முடியுது."

"என் வயசுல ஒரு பொம்பளை, உருளைக்கிழங்கு சாலட் செய்யத் தெரியாம ஊரைக் குழப்பிட்டேன்னு மைக்ல சொல்லணுமா? அதுக்கு அட்லாண்டாவே மேல்." ரொட்டியை மறுபடி பிரித்துக்கொண்டே, "அந்த ரூமுக்கு மஞ்சள் அடிச்சிருக்காளாம்" என்றாள். அவளுக்கு மஞ்சள் பிடிக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்தது, காணிக்கை முடிந்தது. பாஸ்டர் அறிவிப்புகளை வாசித்துவிட்டு, "வேற யாருக்காவது அறிவிப்பு இருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டார். எனக்கு முன் வரிசையில் அக்கா எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஜூன் மாசக் கூட்டத்துல ஒரு சாலட் இருந்துச்சு" என்றாள். "யாரும் தொடலை. அதை எந்தக் கம்பெனியும் அனுப்பலை. நான் செஞ்சேன்."

பின்வரிசையில் யாரோ, "ஐயோ ஆண்டவரே" என்றார்கள். லூவேனியா அம்மா முதல் இருக்கையிலிருந்து மெதுவாக, தொப்பி அசையாமல், முழு உடம்போடு திரும்பினார்.

"நீயா?"

"நான்தான்மா."

"உனக்குச் சமைக்கத் தெரியாதே."

"தெரியாதும்மா."

"கிழங்கைத் தோலோட வேகவச்சியா, உரிச்சு வேகவச்சியா?"

"பாதி தோலோட. பாதி உரிச்சு."

"ஏன்?"

"பஸ்ல ரெண்டு விதமாவும் சொன்னாங்கம்மா."

சபை முழுக்க ஒரு முனகல் ஓடியது. பாஸ்டர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பது போல மூடிக்கொண்டார்.

"இனிப்பு வெள்ளரி ஊறுகாய் போட்டியா, புளிப்பு ஊறுகாயா?"

"ரெண்டும்."

"கடுகு விழுது?"

"போட்டேன். அது கூடாதுன்னு சொன்னவங்களுக்காக ஒரு ஓரத்துல போடலை."

டீக்கன் சிம்ஸ் கண்ணை மூடி, "இயேசுவே" என்றார். அதோடு சபை உடைந்தது. சிரிப்பு பாடகர் குழுவில் தொடங்கி வாசல் வரை போயிற்று. டோரித்தா என் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்து, "லாரி எங்கேடி?" என்று மெல்லக் கேட்டேன்.

அக்கா சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். உட்காரவில்லை.

"கடைக்குப் பின்னாடி யாரோ இருக்காங்கன்னு பேசிக்கிறீங்களாம்" என்றாள். "யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கேன். நீங்களும் வரலைன்னா நானும் இருக்கமாட்டேன். எனக்குப் போக இஷ்டமில்லை. எனக்கு உங்களை எல்லாம் தெரியும். யாரு வீட்டுல என்ன வேகுதுன்னு தெரியும். அங்க போனா எனக்கு ஒண்ணும் தெரியாது."

லூவேனியா அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"இப்போ வச்சிருக்கியா அதை?"

"கீழ வச்சிருக்கேம்மா. காலையில புதுசா செஞ்சேன். மூடியில பேர் எழுதியிருக்கேன்."

கீழ்த்தளக் கூடத்துக்கு அன்று இறங்கிய கூட்டம் ஈஸ்டருக்குக்கூட இறங்கியதில்லை. அதே வெள்ளைக் கிண்ணம். மூடியில் ஒட்டிய காகித டேப்பில் கொட்டை எழுத்தில் 'ஆர்டெல்லா பெட்டஸ்'. லூவேனியா அம்மாவுக்கு வழிவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் மூடியைத் திறந்து, முகர்ந்து, கரண்டியால் ஓரத்திலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"இதைவிட மோசமானது ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "அதைச் செஞ்ச புண்ணியவான் இப்போ உயிரோட இல்லை."

கூடம் அதிர்ந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதையா புதுக் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு விக்கப் போறே?"

"நல்லா செய்யத் தெரிஞ்சவங்க யாரும் பங்குல சேரலைன்னா, நான்தானேம்மா செய்யணும்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. இன்று வரை எனக்கு அது கள்ளமா, வெகுளித்தனமா என்று தெரியாது.

லூவேனியா அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்தார்.

"அந்தப் பங்குத் தாளைக் கொண்டா. உன்னைத் தனியா விட்டா ஊருக்கே வயித்து வலி வரும்."

அவர் கையெழுத்துப் போட்டதும் பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரும் அன்பினால் சேர்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொருவருக்கும் தடுக்க வேண்டியது ஒன்று இருந்தது. டீக்கனுக்குக் கறியை வேறு எவனும் வெட்டிவிடக்கூடாது. டோரித்தாவுக்கு ரெடிமேட் சீஸ் பொடி உள்ளே வரக்கூடாது. பாலத்துப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் பெட்ரோல் பங்கு வாழைப்பழம் மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் கூட்டம் கூட்டுவேன் என்று இப்போதே மிரட்டினார். தாள் தீர்ந்து, பாஸ்டர் மேலே போய் ஆராதனை நிகழ்ச்சித் தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் எழுதக் கொடுத்தார். வரிசை பாதி நகர்வதற்குள்ளேயே போதுமான வீடுகள் சேர்ந்தாயிற்று என்று கிளீவ்லாண்ட்காரருக்குச் சொல்லும் அளவு ஆகிவிட்டது. மீதிப் பேரும் போகவில்லை.

அக்கா மாடிப்படிக்கு அடியில் நின்று ரெனேவுக்கு போன் போட்டாள். "அந்த மஞ்சள் ரூமை வாடகைக்கு விட்டுரு" என்றாள். அந்தப்பக்கம் கத்தல். "வரமாட்டேன்டி. இங்க எனக்குச் சமைக்கத் தடை போட்டுட்டாங்க. வேற வேலை நிறைய இருக்கு."

எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் மேசையைத் துடைத்தோம். கிண்ணத்தைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சாலட் இல்லை. அடியில் கரண்டி சுரண்டிய தடம் மட்டும் இருந்தது.

"ஜோனெட்டா" என்றாள். "நல்லா இல்லைன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சாப்பிட்டாங்க?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. எல்லோர் பையிலும் எட்டிப் பார்த்தவள், மூடியில் ஒட்டிய தன் பெயரை விரலால் தடவிக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ செஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல அக்கா" என்றேன்.